சர்வேசுரனும் பராபரனும்

வீரமாமுனிவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் எகர ஒகரச் சீர்திருத்தத்தில் தொடங்கி, சதுரகராதியைத் தொட்டு, பரமார்த்த குருவிடம் சிரித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தேம்பாவணிக்குத் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு. அவர் எழுதிய சண்டைப் புத்தகங்களின் பக்கம் யாரும் போவதில்லை. வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு மூன்றும் தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு எதிராக எழுதியவை. கிறிஸ்தவர்களுக்கு அவற்றைப் பேசுவதில் கூச்சம். இது சபைகள் கைகோத்து நடக்கும் காலம். மற்றவர்களுக்கு அது வேதக்காரர்களின் குடும்பச் சண்டை. எனக்கோ அந்தச் சண்டையை ஒதுக்கிவிட்டுத் தமிழ் உரைநடையின் கதையைச் சொல்ல முடியாது என்று தோன்றுகிறது.

சண்டை இதுதான். வேதபுத்தகம் ஒன்றே போதும், சபை அதற்குக் கீழே என்றார் லுத்தர். புத்தகம் மட்டும் போதாது, அப்போஸ்தலர்கள் வழியாகக் கைமாறி வந்த பாரம்பரியமும் சம மதிப்புள்ளது, பொருள் சொல்லும் உரிமை திருச்சபைக்கே என்று 1546இல் திரெந்து பொதுச்சங்கத்தில் ரோம் முடிவு கட்டியது. சபை வழிதவறினால் அதை எதை வைத்துத் திருத்துவது என்பது ஒரு தரப்பின் கேள்வி. எந்தெந்தப் புத்தகம் வேதம் என்று உனக்குச் சொன்னது யார் என்பது இன்னொரு தரப்பின் கேள்வி. இரண்டும் நல்ல கேள்விகள்.

இது தமிழுக்கு வந்த விதம் தனி. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கம். ஆண்டிரிக் பாதிரியார் அடுத்தடுத்துக் கொண்டுவந்தவை ஞானோபதேசம், பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு, பிறகு 1586இல் அடியார் வரலாறு. அச்சு கையில் இருந்தது, தமிழ் எழுத்து வார்த்தாகிவிட்டது, கடற்கரையில் விசுவாசிகளும் இருந்தார்கள். ஆனால் பைபிள் வரவில்லை. இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது, இது ஒரு வரிசைமுறை. முதலில் போதனை, அப்புறம் அதன்படி வாழ்ந்து காட்டிய அடியார்கள். புத்தகம் குருவின் வாய்வழியாக வந்தால் போதும்.

சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பார்கள். ஐந்தே வருடத்தில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்துவிட்டார். 1714இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின, அடுத்த வருடம் மீதி. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. 1719இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. அந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புத்தகத்தை ஜனங்களின் கையில் கொடுத்துவிட்டால் மீதியைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

பெஸ்கி இதைத்தான் குறிவைக்கிறார். வேதவிளக்கத்தில் அவர் லுத்தரன்களின் கொள்கையை மட்டும் மறுக்கவில்லை, அவர்களுடைய தமிழைப் பிடித்து உலுக்குகிறார். சொல் பிழை, தொடர் பிழை, படித்தால் காது வலிக்கிறது என்கிற தொனியில் கேலி செய்கிறார். வழக்கமாக இதைப் புலவரின் கர்வம் என்று கடந்துபோவார்கள். கர்வம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கேலிக்குள் ஒரு வாதம் தெரிகிறது. அவர் அதை வாய்பாடாகச் சொல்லவில்லை, நான் வாசிக்கிற விதம் இது. புத்தகம் மட்டுமே போதும் என்றால் அந்தப் புத்தகத்தின் தமிழும் தன் காலில் நிற்க வேண்டும். வாக்கியம் தடுமாறினால் பக்கத்தில் ஒரு உபதேசியார் உட்கார்ந்து, 'ஐயா இதற்கு அர்த்தம் இன்னது' என்று சொல்ல வேண்டிவரும். உபதேசியார் வந்துவிட்டால் 'மட்டும்' போய்விடும். நடையைத் தாக்குவதன் மூலம் அவர் கொள்கையின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிறார். தமிழில் ஒரு மொழிபெயர்ப்பை விமரிசனம் செய்த முதல் ஆட்களில் ஒருவர் என்று பெஸ்கியைச் சொல்லலாம். எழுத்துப் பிழை பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை என்பதும் முக்கியம்.

நியாயமான விமரிசனமா? பாதி. செந்தமிழ் இலக்கணமும் கொடுந்தமிழ் இலக்கணமும் தனித்தனியாக எழுதியவர் அவர். தெருத் தமிழ் என்று ஒன்று உண்டு, அதற்கும் ஒழுங்கு உண்டு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படிப்பட்டவர் ஐந்து வருடத்தில் கடற்கரைத் தமிழில் எழுதிய ஒருவரைப் பண்டிதக் கோலால் அளந்தது சரியில்லை. இங்கே லுத்தரையும் நினைத்துக்கொள்ளலாம். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் மூலத்தில் இல்லாத 'மாத்திரம்' என்ற சொல்லை ஜெர்மனில் சேர்த்துவிட்டார் என்று அவர்மேல் புகார் வந்தபோது, 1530இல் பதில் எழுதினார். வீட்டில் தாயும் சந்தையில் சாதாரண மனிதனும் எப்படிப் பேசுகிறார்களோ அதைக் கேட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சீகன்பால்கு சந்தையைக் கேட்டவர். காது இன்னும் பழகியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சீகன்பால்கு கிறிஸ்தவத் தமிழை வெறும் மணலிலிருந்து எடுக்கவில்லை. ரோமன் கத்தோலிக்கப் பாதிரிகள் எழுதிவைத்த தமிழ் ஏடுகளைத் தேடி வாசித்து, சமயச் சொற்களை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். பாரம்பரியம் வேண்டாம் என்றவருக்குப் பாரம்பரியம்தான் சொல் கொடுத்தது. பெஸ்கியின் கண்ணில் இது இன்னும் கூர்மையாகப் பட்டிருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு குறை கண்டவர் தானே மொழிபெயர்த்திருக்கலாமே? அன்றைக்குத் தமிழ்நாட்டில் அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் செய்தது வேறு. 1726இல் தேம்பாவணி. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டு. நாயகன் சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆள்! புத்தகம் மௌனமாக இருக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு பெஸ்கி ஒரு காப்பியத்தைக் கட்டுகிறார். அவருக்குக் கதைச் சரக்கு தந்தவர்களில் முக்கியமானவர் ஆகிர்தா ஊரைச் சேர்ந்த மரியா என்ற ஸ்பானியக் கன்னியாஸ்திரி. தனக்குக் காட்சியில் கிடைத்ததாகச் சொல்லி எழுதிய பெண். அந்த நூலை 1681இல் ரோமே தடைசெய்து, பிறகு ஸ்பானிய அரசரின் வேண்டுகோளால் தடையை நிறுத்திவைத்தது. ஆக, திருச்சபையின் அதிகாரத்துக்காக வாதாடியவர் தன் பெரிய படைப்புக்குப் பயன்படுத்தியது அந்த அதிகாரமே சந்தேகப்பட்ட ஒரு நூலை. தேம்பாவணியைக் கம்பனின் நிழல் என்று மட்டும் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வேதம் மட்டும் போதாது என்பதற்கு அவர் எழுதிய நீண்ட பதில் வேதவிளக்கம் இல்லை, தேம்பாவணிதான்.

வேதவிளக்கத்துக்கு லுத்தரன்கள் திருச்சபைப் பேதகம் என்று ஒரு நூல் எழுதினார்கள், அதற்கு இவர் பேதகமறுத்தல். இரண்டு கூட்டமும் ஒரே கடவுளைக் கும்பிட்டது, ஆனால் பெயர் பொதுவாக இருக்கவில்லை. கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன், பப்ரிசியுஸ் வழிவந்தவர்களுக்குப் பராபரன். இவர்களுக்கு சேசு, அவர்களுக்கு இயேசு. இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் அந்தப் பக்கம் போனால் பேதுரு, பவுல், யோவான்.

இதெல்லாம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. சுங்கை வேயில் எங்கள் வீடு ஆர்.சி. சின்னம்மாவைக் கட்டியவர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம், லுத்தரன் குடும்பம். பாட்டி இறந்தபோது கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, ராத்திரி ஜெபமாலை ஆரம்பிக்கும் நேரத்தில் சித்தப்பா எழுந்து வெளியே போனார். அப்பா பின்னாலேயே போனார். அவர்கள் இருவருக்கும் ஆகாது என்றெல்லாம் இல்லை, ஃபெடரல் ஹைவே ஓரத்து பியர் ஆலையின் சரக்கை ஒன்றாகக் குடிப்பவர்கள்தான்.

"செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணலாம்னு எந்த வசனத்துல இருக்கு சகல?"

"மக்கபேயர் ரெண்டாம் புத்தகம். பன்னெண்டாவது அதிகாரம்."

"அது எங்க புத்தகத்துல இல்லையே."

"இல்லன்னு முடிவு பண்ணது யாரு?"

"இருக்குன்னு முடிவு பண்ணது யாரு?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கத்தோலிக்க பைபிளில் 73 புத்தகம், அவர்களுடையதில் 66. அந்த ஏழு புத்தகத்து இடைவெளியில் என் பாட்டியின் ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நிற்கிறதா, நேரே போய்விட்டதா என்பது இருந்தது. இதை வெறும் பண்டிதச் சண்டை என்று சொல்பவர்கள் இழவு வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. முப்பதாம் நாள் பூசைக்குச் சித்தப்பா வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், முழங்கால் போடவில்லை.

பாட்டி கடைசிவரை சர்வேசுரன் என்றே சொன்னாள். கோயிலில் அந்தச் சொல் போய் வெகுநாளாகிவிட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தமிழுக்கு மாறியது, கூடவே தமிழும் மாறியது. சேசு இயேசுவானார். பூசை திருப்பலி. ஞானஸ்நானம் திருமுழுக்கு. இராயப்பர் பேதுருவாகி லுத்தரன் பக்கத்துப் பெயரைப் போட்டுக்கொண்டார். மேலே இருந்து வந்தது, கீழே ஏற்றுக்கொண்டார்கள். நானூறு வருடம் வளர்த்த சொற்களஞ்சியத்தை ஒரு தலைமுறைக்குள் கழற்றி வைத்துவிட்டோம், பாரம்பரியத்துக்காக அவ்வளவு வாதாடிய நாங்கள்! எங்கள் உறவில் இன்னும் ஒரு சின்னப்பன் இருக்கிறார். அந்தப் பெயர் பவுலுடையது என்பது அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, குள்ளமாக இருந்ததால் வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் நேர்மாறு. பப்ரிசியுஸ் பைபிளை ரேனியுஸ் திருத்தப் புறப்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கொதித்தார். புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என்று அவர் அடுக்கியவற்றில் முதன்மையானது பைபிளைத் திருத்துவது. அதே பட்டியலில் சாதி பார்க்காமல் சேர்ந்து உண்ண வற்புறுத்துவதையும் கொடுமை என்று சேர்த்திருந்தார். பழைய சொல்லைக் காப்பாற்றுகிற கை வேறு எதையெல்லாம் சேர்த்துக் காப்பாற்றுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஆர்.சி. கோயில்களின் சாதிச் சுவர்களையும் மறக்காமல்தான் சொல்கிறேன். பிறகு பவர் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பு பராபரனைத் தேவன் ஆக்கியது. அதற்குப் பின் எதுவும் நகரவில்லை. 20ஆம் நூற்றாண்டுத் திருத்தப் பதிப்புகளைப் படித்தவர்கள் பாராட்டினார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் தொடவில்லை. 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல, தெளிவான தமிழ். கத்தோலிக்கக் கோயில்களில் அது அப்படியே ஏறிவிட்டது. சித்தப்பாவுக்கு நான் ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா வேதம் மாதிரி இல்லையே" என்றார். எபிரேயமும் கிரேக்கமும் அவருக்குத் தெரியாது. வேதம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பாவின் குரல். அதைப் பாரம்பரியம் என்றால் கோபித்துக்கொள்வார்.

இந்த நாட்டில் மூன்றாவதாக ஒரு அதிகாரமும் இருக்கிறது. 2009இல் கிள்ளான் துறைமுகத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மலாய் பைபிள்கள் தடுத்துவைக்கப்பட்டு, 2011இல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற உள்துறை அமைச்சின் முத்திரையோடு விடுவிக்கப்பட்டன. 2014 ஜனவரியில் பெட்டாலிங் ஜெயாவில் பைபிள் சங்க அலுவலகத்தில் சிலாங்கூர் சமய இலாகா நுழைந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்துப்போனது. கடவுளுக்கு எந்தப் பெயரை அச்சிடலாம் என்று ஹெரால்டு பத்திரிகையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறி இறங்கியது. சர்வேசுரனா பராபரனா என்று முந்நூறு வருடம் சண்டை போட்ட இரண்டு கூட்டமும் அப்போது ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. அந்த ஒற்றுமை பயத்தில் வந்தது, வாதத்தில் வந்ததில்லை என்பது என் எண்ணம். வாதம் இன்னும் முடியாமல்தான் கிடக்கிறது.

அதனால்தான் அந்தச் சண்டை நூல்களை மறுபடி படிக்கக் கொடுக்க வேண்டும் என்கிறேன். வேதவிளக்கம், அதற்கு லுத்தரன்கள் சொன்ன பதில், பேதகமறுத்தல் மூன்றும் ஒரே அட்டைக்குள், எதையும் மழுப்பாமல், வசைகளையும் வெட்டாமல் வர வேண்டும். பதிப்பாசிரியர் ஆர்.சி.யாக இருந்தால் அவர்கள் சந்தேகப்படுவார்கள், லுத்தரனாக இருந்தால் நாங்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர் வழியில் ஒரு சைவர் கிடைத்தால் நல்லது. உரைநடையில் காது உள்ளவராக இருந்தால் போதும்.