ஏலத்துக்கு ஒரு கட்டம் போட்ட போர்வை

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம் இல்லாமல் இருக்காது. வாழைத்தார், பூசணி, சேவல் என்று காணிக்கையாக வந்தவை ஒவ்வொன்றாக மேடை ஏறும். அவற்றோடு பெண்கள் ஐக்கியத்தின் கைவேலையாக ஓர் ஒட்டுப் போர்வையையும் வைக்கலாம் என்று சபையார் முடிவு செய்தால், எந்த மாதிரி, எந்த அளவு என்ற கேள்வி உடனே எழும். மேல்நாட்டுச் சபைகள் இத்தகைய போர்வையைச் சீட்டுக் குலுக்கலில் விடுவது வழக்கம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருப்பதால் நமக்கு ஏலம்தான் நேரான வழி. குலுக்கலில் பரிசு யார் வீட்டுக்குப் போகும் என்று தெரியாது. அதனால் போர்வை எவருக்கும் பொருந்த வேண்டும். ஏலத்திலோ இரண்டு பேர் அதை விடாப்பிடியாக விரும்பினால் போதும். ஆனாலும் இரண்டு வழிக்கும் ஏற்ற போர்வை ஒன்றுதான் என்பது என் கட்சி: ஒற்றைக் கட்டில் அளவு, உள்ளூர்க் கட்டம் போட்ட துணி, ஒன்பது சதுர மாதிரி.

முதலில் அளவு. பெரிய போர்வைக்குப் பெரிய தொகை விழும் என்று வாதிடுவார்கள். கடைக்கு அது சரி, சபை ஏலத்துக்குச் சரிவராது. அங்கே ஓர் எலுமிச்சம்பழம்கூடச் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே திருப்பிக் கொடுக்க, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். கேட்கிற தொகை காணிக்கை; துணியின் பரப்பை வைத்து அது ஏறுவதில்லை. 60க்கு 90 அங்குலப் போர்வையின் பரப்பு 5,400 சதுர அங்குலம். 90க்கு 108 என்றால் 9,720. உழைப்பும் துணியும் ஏறக்குறைய இரு மடங்காகும், ஏலத்தொகை அப்படி ஏறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இன்னொன்று, 60 அங்குல அகலத்தை இரண்டு பேர் முனை பிடித்துத் தூக்கிக் காட்டிவிடலாம்; கடைசி வரிசையில் இருப்பவரும் முழுதாகப் பார்ப்பார். பெரியது தரையில் புரளும், பாதி மடிப்பிலேயே மறையும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களின் அறைகளில் கிடப்பதும் ஒற்றைக் கட்டில்தான்.

மாதிரி என்று வரும்போது சிலுவை, புறா, வசனம் வைத்துத் தைக்கலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் சிலுவை தைத்த போர்வை மேல் கால் நீட்ட நம்மவர் யாருக்கும் மனம் வராது. அது பீரோவுக்குள் மடிந்து கிடக்கும். ஒன்பது சதுர மாதிரியில் அந்தச் சங்கடம் இல்லை. மூன்று அங்குலச் சதுரங்கள் மூன்று வரிசையாகச் சேர்ந்தால் ஒன்பது அங்குலக் கட்டம். அதற்கு அடுத்து வெறும் வெள்ளைத் துணியில் அதே அளவுக் கட்டம் ஒன்று. இப்படி மாற்றி மாற்றி, குறுக்கே ஆறு, நெடுக்கே ஒன்பது, ஆக 54 கட்டம். பக்கங்களில் மூன்று அங்குலமும் மேலும் கீழும் நாலரை அங்குலமும் கரை வைத்தால் சரியாக 60க்கு 90 வந்துவிடும். தைக்க வேண்டிய சிறு சதுரங்கள் 243. பலர் பங்கு போட்டுக்கொண்டால் மலைப்பில்லை. எளிய மாதிரி என்பதால் கைத்திறன் குறைவு என்று நினைக்க வேண்டாம். கட்டம் போட்ட துணியை நூல் வாட்டம் பார்த்து வெட்டாமல் ஒரு நூல் சாய்த்தாலும், தையலோரத்தில் கோடு கோணிக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும். பூப்போட்ட துணி அந்தப் பிழையை மறைத்துவிடும். கோடுகள் நேராக ஓடி மூலையோடு மூலை சேர்ந்து நிற்கும் போர்வையைத் தொட்டுப் பார்த்தாலே தைத்தவரின் பொறுமை தெரியும்.

லுங்கித் துணியையா காணிக்கையாக வைப்பது என்று முகம் சுளிப்பவர்களுக்குத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது பக்கத்துப் பழவேற்காட்டில். இந்தக் கரையின் துணிதான் அவர்களை இழுத்து வந்தது. பழவேற்காட்டின் பெயர் தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைகளைப் பார்த்து கிளாஸ்கோ நெசவாளர்களே பின்னாளில் நகல் நெய்து விற்றார்கள். நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை இஞ்சிரி என்று அழைத்துத் தலைமுறைச் சொத்தாகக் காக்கிறார்கள். சில நூல்களை வெட்டி உருவி அதில் புது உருவம் எழுப்பும் கலை அவர்களுடையது. கடல் தாண்டி அவ்வளவு மதிப்புப் பெற்ற துணியை, அருகிலேயே கிடைக்கிறது என்பதற்காக நாம் மட்டமாக நினைப்பது அநியாயம். கவனிக்க வேண்டியது சாயம். சிவப்பும் கறுப்பும் வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிடும். தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே கத்தரி வைக்க வேண்டும்.

இந்த வெயிலில் போர்வை எதற்கு என்றால், கனமான பஞ்சு வைக்காமல் இரண்டு அடுக்குப் பழைய பருத்திச் சேலையை உள்ளே கொடுத்து ஓட்டுத்தையல் போட்டால் போதும். பீகாரின் சுஜனி அப்படித்தான் உருவாகிறது. கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவரில் பலருக்கு அந்தத் தையல் புதிதாக இருக்காது. மார்கழிப் பனிக்கும் ஏசி அறைக்கும் இந்தக் கனமே சரி.

ஏலத்துக்கு முன்பே பணம் சேர்க்கவும் வழி இருக்கிறது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகச் செய்தது அது: சிறு தொகை கொடுத்தவர்களின் பெயரைச் சிவப்பு நூலில் போர்வையில் பின்னி, பிறகு போர்வையையும் விற்றார்கள். 1917 டிசம்பரில் ‘மாடர்ன் பிரிசில்லா’ இதழ் அப்படி ஆயிரம் டாலர் திரட்டும் திட்டத்தையே அச்சிட்டது. ஊரார் பெயரையெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்க யார் ஆசைப்படுவார் என்ற கேள்வி நியாயமானது. அதனால் பெயர்களை முகப்பில் போடாமல் அடித்துணியின் ஓரத்தில் மட்டும் வரிசையாகப் பின்னலாம்; அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன்பே, ஊசி ஒற்றைத் துணியில் இறங்கும்போதே முடித்துவிட வேண்டும்.