எரியும் இலங்கையில் மெழுகுவர்த்திச் சுடர்

எங்கள் குடியிருப்பின் கொலுப் போட்டியில் இந்த முறை முதல் பரிசு இலங்கை தகனத்துக்கு. ஒரு சாண் உயர அட்டை மாளிகைகள், சன்னல்களுக்குள் எல்.இ.டி. விளக்குகள், கூரைமேல் கறுப்பு தெளித்த பஞ்சுப் புகை. "அசல் தீ தோத்துது போங்க!" என்றார் நடுவர் ஒருவர். பரிசு போய்ச் சேரட்டும். அந்தப் பாராட்டைத்தான் விழுங்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காகிதமும் துணியும் அடைந்த கொலுப்படியில் நிஜ நெருப்பை யாரும் வைக்க மாட்டார்கள். சில வோல்ட்டில் எரியும் இந்த விளக்கு பஞ்சைப் பொசுக்காது. ஒன்பது நாளும் தாங்கும். வெள்ளை எல்.இ.டி.க்கு மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றும் வழக்கமான சோம்பல் இங்கே இல்லை. ஆழத்தில் மஞ்சள், வெளியே ஆரஞ்சு, ஓரத்தில் சிவப்பு என்று நிறத்தை அடுக்கியவருக்குக் கண் இருக்கிறது.

ஆனால் தீயின் வேகம்? அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கடையில் கிடைக்கும் 'படபடக்கும்' எல்.இ.டி., மெழுகுவர்த்தி பொம்மைக்காகச் செய்யப்பட்டது. குமிழுக்குள்ளேயே இருக்கும் குட்டிச் சில்லு, காற்றில் ஆடும் மெழுகுவர்த்தியின் துடிப்பைத்தான் காட்டும். அதை அரண்மனைக்குள் வைத்தால் அரண்மனையில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது. அரண்மனை பற்றி எரிவதாகத் தெரியவில்லை.

நெருப்பு பெருகப் பெருக அதன் அசைவு நிதானப்படும். தீயின் அடியகலத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5-ஐ வகுத்தால், பிழம்பு நொடிக்கு எத்தனை முறை பொங்கி எழும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். விரலகலச் சுடர் பத்து முறைக்கு மேல் துடிக்கும். 10 மீட்டர் அகலத் தீ இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் பொங்கும். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவதை நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரமே தேவையில்லை.

ஜெர்மனியில் 1:87 அளவு ரயில் மாதிரிக்காரர்களுக்காக, எரியும் வரி அலுவலகத்தையே வோல்மர் நிறுவனம் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறது. (யாருக்குத்தான் வாங்க மனம் வராது!) அந்த அளவில் 10 மீட்டர் கட்டடம் பதினொன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அங்கே உண்மையான நெருப்பை வைத்தால்கூட, நொடிக்கு நான்கு முறைக்கு மேல் துடித்துத் தன் சிறுமையைக் காட்டிக்கொடுத்துவிடும். சினிமாக்காரர்கள் இதைக் கணினிக் காலத்துக்கு முன்பே அறிந்தவர்கள். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு மாதிரியைக் கொளுத்தினால் கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில், நொடிக்கு 120 சட்டமாக ஓட்டுவார்கள். திரையில் வழக்கமான 24-இல் ஓடும்போது தீ நிதானமாகப் பெரிதாகிவிடும்.

கொலு பார்க்க வருபவர் கண்ணில் கேமரா கிடையாது. அங்கே தீயை வேண்டிய அளவுக்கு மெதுவாக்கும் வசதி எல்.இ.டி.க்கு மட்டும்தான் உண்டு. அசல் தீயால் முடியாத அந்த ஒரு காரியத்தைக் கைகழுவிவிட்டு, அசல் குட்டித் தீயின் குறையை நகலெடுத்ததற்கா இத்தனை கைதட்டல்?

"நிரலால் விளக்கை இயக்கும் ஆர்டுயினோ பலகை போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். போடுகிறார்கள், பார்த்திருக்கிறேன். மார்க் கிரீக்ஸ்மன் எழுதிய 'ஃபயர்2012' நிரலை அப்படியே இறக்குவார்கள். எரியும் புள்ளி எவ்வளவு விரைவில் ஆற வேண்டும், புதுப்பொறி எத்தனை அடிக்கடி தெறிக்க வேண்டும் என்று இரண்டு எண்களை அவர் திறந்தே வைத்திருக்கிறார். மாற்றிப் பார்ப்பவர் அபூர்வம். அனுமன் வாலுக்கும் ஒரே எண், கோட்டைக்கும் ஒரே எண். பக்கத்துப் பக்கத்துச் சன்னல்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தனித்தனியே சிமிட்டுகின்றன. தீ ஓர் அறையில் பொங்கினால் அடுத்த அறையும் சற்றுப் பிந்திப் பொங்க வேண்டாமா?

கொலு பக்திக்கானது, அதில் கணக்கென்ன என்று கேட்பார்கள். சரி, அப்படியானால் சிவப்பு ஜிகினாத்தாளை முக்கோணமாகக் கத்தரித்து ஒட்டினால் போதும். அதனிடம் யாரும் வேகம் கேட்கப் போவதில்லை. விளக்கு அசையத் தொடங்கிய பிறகு, பார்ப்பவர் கண் அந்த அசைவை வைத்துத்தான் மாளிகையின் உயரத்தை அளக்கிறது.