பூட்டிய அறையும் என் ஹார்டு டிஸ்க்கும்

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று யாரைக் கேட்டாலும் "எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல இருக்கு" என்றுதான் பதில் வரும். போன மார்கழி வரை நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏன் போதாத பதில் என்பதுதான் இந்தக் குறிப்பு.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அம்மா பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி என்று 63 ஒலிப்பதிவுகள் மடிக்கணினியில் இருந்தன. ஞாயிறுதோறும் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, ஒத்திசைக்கும் மென்பொருளை ஓட்டிவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். ஒருநாள் மடிக்கணினியில் இடம் போதவில்லை. அதான் டிஸ்க்குல இருக்கே என்று பழைய ஃபோல்டர்களை அழித்தேன். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் மென்பொருளை ஓட்டினேன். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிட்டது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்புக்கு வழிவிட்ட ஒரு குழப்பம் இருக்கிறது. ஒத்திசைவையும் காப்பையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒத்திசைவின் வேலை இரண்டு இடங்களை ஒரே மாதிரி ஆக்குவது. காப்பின் வேலையோ, ஒரு இடம் கெட்டாலும் மற்றது கெடாமல் நிற்பது. ஒரு கோப்பு பழுதானால் ஒத்திசைவு அந்தப் பழுதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2017 மே மாதம் வானாக்ரை உலகமெங்கும் கணினிகளைப் பூட்டியதே, அந்த மாதிரித் தாக்குதலில் செருகியபடி இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும்.

கருவிகளைக் குறை சொல்ல முடியாது. 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க், நாம் தனியாகச் சொன்னால் ஒழிய எதையும் அழிக்காது. மாறாத கோப்புகளுக்குக் கூடுதல் இடம் பிடிக்காமல் நாளுக்கொரு முழுப் பிரதி மாதிரி வைத்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. ஃப்ரீஃபைல்சிங்கில் அழிபடும் கோப்பைத் தேதியோடு தனி ஃபோல்டருக்கு நகர்த்திவைக்கலாம். ஆப்பிளின் டைம் மெஷின் 2007-இலிருந்தே பழைய வடிவங்களைச் சேர்த்துத்தான் வைக்கிறது. ஆக, வசதி இல்லாமல் இல்லை. "மிரர்" என்ற பொத்தானை நாம் படிக்கும் விதத்தில்தான் கோளாறு. கண்ணாடி எதையும் சேமித்து வைக்காது. எதிரே நிற்பவர் நகர்ந்தால் பிம்பமும் போய்விடும்.

இதையெல்லாம் யோசிக்கும்போது சிதம்பரம் கோயில் கதை நினைவுக்கு வந்தது. உமாபதி சிவத்தின் பெயரில் வழங்கும் 'திருமுறை கண்ட புராணம்' சொல்வது இது: மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. திருநாரையூர் நம்பியும் சோழ மன்னனும் வந்து கேட்டார்கள். பாடிய மூவரே வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறக்க வைத்தான். உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் விட்டுப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை எடுத்தார்கள். சம்பந்தர் பாடியதாக மரபு சொல்லும் பதிகங்கள் 16,000. கிடைத்தவை 384. எண்ணிக்கை புராண எண்ணிக்கைதான், ஆனாலும் நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை.

இதை எப்போதும் மீட்புக் கதையாகத்தான் சொல்கிறோம். ராஜராஜனுக்குத் 'திருமுறை கண்ட சோழன்' என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். எனக்கு இது இழப்பின் கதையாகவும் படுகிறது. அறை பத்திரமாகத்தான் இருந்தது, பூட்டும் உடையவில்லை. திறந்து பார்க்க ஆளில்லாததுதான் சிக்கல். இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி சொன்னதாகவும் புராணம் சொல்கிறது. பக்தருக்கு அது ஆறுதல். என் பதிவுகள் போன அன்று எனக்கும் ஒருவர் அதையேதான் சொன்னார், "முக்கியமானது மனசுல இருக்கும் விடுங்க". மனதில் முதல் அடிகள் மட்டும்தான் இருக்கின்றன.

அதே தேவாரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு, அது இவ்வளவு பிரபலம் இல்லை. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகளில் இல்லாமல் போயிருந்தது. 1917-18 வாக்கில் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலேயே அது கிடைத்தது. தில்லை அறையோடு அந்தக் கல்லுக்குத் தொடர்பே இல்லை. அதனால்தான் பிழைத்தது. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தபோதும் இதே மாதிரிதான் நடந்தது. அலுவலகக் காப்பு பழுதாகிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

என் கதையில் அந்தக் கல் ஒரு பென் டிரைவ். சிதம்பரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் நாட்டார் பாடல்களில் ஆர்வம் உள்ளவர். அம்மா இருந்தபோதே ஒருமுறை வந்து பாடல்களைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். தேடச் சொன்னேன். 41 பாடல்கள் கிடைத்தன. மீதி 22 அதற்கப்புறம் பதிந்தவை. அவை போனது போனதுதான்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதியை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பியது, நல்ல விதிதான். ஆனால் எங்கள் ஊருக்கு 'வெளியூர்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம் எல்லாவற்றையும் பார்த்த மாவட்டம் இது. திருட்டுக்கும் வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கும் சிதம்பரம் போதும். ஒரே புயல் இரண்டு ஊரையும் அடித்தால்? அதனால் ஒரு பிரதி மதுரைப் பக்கம் போயிருக்கிறது.

அந்த விதி சொல்லாமல் விடும் ஒன்றும் உண்டு. பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும். புரட்டாசியில், மழை தொடங்குமுன், மூன்று டிஸ்க்கையும் எடுத்து ஏதாவது பத்துக் கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். ஒத்திசைவை இன்னும் ஓட்டத்தான் செய்கிறேன், ஆனால் அழிபடுவது தனி ஃபோல்டருக்குப் போகும்படி.

இதைவிடப் பயன்பட்ட காரியம் ஒன்று. அந்த 41 பாட்டையும் சித்தி, அத்தை, மாமா பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். யார் யார் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. நான் எதையாவது தப்பாக அழித்தாலும் அவர்களிடம் அது அழியாது.