மலாக்கா போன ரயில்

சிம்பாங் அம்பாட்டுக்காரர் ரயிலேற வேண்டுமென்றால் அலோர் காஜா வழியாகப் புலாவ் செபாங்குக்குப் போகவேண்டும். மலாக்கா மண்ணில் நின்றுகொண்டே நெகிரி செம்பிலானின் தம்பின் பெயரைப் பல்லாண்டு சுமந்த நிலையம் அது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம், அங்கிருந்து பிரிந்த கிளைப்பாதையால்தான்.

1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். 1905-இல் அந்தக் கிளைப்பாதையில் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை ரயில் ஓடியது. ரப்பர் காலத்துக்கு ஏற்ற ரயில்!

ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, 415 கிலோமீட்டர் நீள சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் மீட்டர் அகலப் பாதைதான், கச்சிதமாகப் பொருந்தியது. இரும்போடு நிற்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் அள்ளிப்போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சயாம் மரண ரயில் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டதே இல்லை.

போருக்குப் பின் அந்தக் கிளையை யாரும் மீண்டும் போடவில்லை. சிக்கனமாம்! இன்று மின்சார ரயில் புலாவ் செபாங்குக்கு வருகிறது; அங்கிருந்து மலாக்கா நகருக்கு பஸ்ஸோ காரோதான்.