சாலை கடக்கும் கண்

ஓடும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடப்பவர் தூரத்தையும் வேகத்தையும் தனித்தனியே கணக்குப் பார்ப்பதில்லை. வண்டி கண்ணுக்கு எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது, தான் நடக்க நடக்க அது எந்தப் பக்கம் விலகுகிறது என்பவற்றைக் கொண்டே கால் வேகம் கூடும் அல்லது குறையும். வண்டி தெரியும் கோணம் மாறாமல் அது பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். கோணம் பின்புறமாக விலகினால் நடப்பவர் முந்திவிடுவார். முன்புறமாக விலகினால் வண்டி முந்தும். உருவம் பெரிதாகும் வீதமே மோதலுக்கு மிச்சமுள்ள நேரத்தைக் கண்ணுக்குச் சொல்லிவிடும் என்று உளவியல் ஆய்வாளர் டேவிட் லீ 1976இல் விளக்கினார்.

அண்ணாகிராமம் வட்டாரத்தார் போய்வரும் கடலூர்–பண்ருட்டி சாலையில் இந்தக் கணக்கு நாள் முழுக்க நடக்கிறது. இங்கே கடப்பவர் தேடுவது இடைவெளியை. பாதிச் சாலையைத் தாண்டி நடுக்கோட்டில் நிற்பார், முகத்தை மறுபக்கம் திருப்புவார், உள்ளங்கையை உயர்த்துவார். பஸ் வந்தால் அதன் பின்பக்கத்தைக் குறிவைத்து நடப்பார். அவர் அங்கே போய்ச் சேரும்போது பஸ் கடந்திருக்கும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டருக்கு முன்னால் தாராளமாகப் போகலாம். அதன் மறைவிலிருந்து முந்திவரும் பைக்தான் ஆபத்து.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், கண்ணுக்கு வேறு வேலை. பாதசாரி, சாலையைக் கடப்பதற்கெனக் கோடிட்ட கடவைக்கு நடந்துபோய் ஓரத்தில் நிற்கிறார். அவர் பார்ப்பது இடைவெளியை அல்ல, வாகனம் வேகம் தணிகிறதா என்பதை. முன் வாகனம் நின்றதும் காலை வைக்கிறார். அடுத்த வரிசையில் வருவதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே தொடர்கிறார். அங்கும் நிற்காமல் பறக்கும் பஸ்கள் உண்டு. ஆனாலும் கடவையில் நிற்பது அங்கே ஓட்டுநரின் பழக்கம்.

கணக்கில் கடலூர்க்காரரே தேர்ந்தவர். ஆனால் அந்தத் தேர்ச்சிக்கு எல்லை உண்டு. 7 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறக்குறைய 6 நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 100 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தொலைவில் உருவம் பெரிதாவது கண்ணுக்கு உறைக்காது. சிறிய உருவம் தாமதமாக வரும் என்றும் கண் ஏமாறும். பைக்கைப் பலர் தப்பாகக் கணிப்பது இதனால்தான். குழந்தைகளுக்கும் பார்வை மங்கிய முதியவர்களுக்கும் கணக்கு இன்னும் கடினம்.

கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் சொல்கின்றன. கோடும் விதியும் இங்கும் இருக்கின்றன. இல்லாதது பிரேக்கில் கால் வைக்கும் பழக்கம்.