சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

மாணாக்கனுக்கு மாணாக்கன் கற்பித்தல் மேனாட்டார் கண்ட புதுமை என்று கருதுவார் இன்றும் உளர். அக்கருத்து வேரூன்றக் காரணமானவர் அன்றூ பெல் (1753–1832) என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அதன்கண் அமைந்த குறையும் சிறிதன்று. இரண்டையும் நடுவுநிலை நின்று ஆராய்தல் கல்வித்துறையிற் புகுவார்க்குப் பயன்தரும்.

1787இற் சென்னையை அடைந்த பெல், ஐரோப்பியப் போர்வீரர்தம் ஆண்மக்களுக்கென எழும்பூரில் அமைந்த விடுதிப்பள்ளிக்கு 1789இல் மேற்பார்வையாளரானார். உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் இணங்கினாரல்லர். ஆகவே யோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசானாக்கினார். சிறுவன் செவ்வனே கற்பித்தான். தாயகம் மீண்ட பெல், 1797இல் இலண்டனில் இச்சோதனையை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' பெயர் பெற்றது. 1811இல் தோன்றிய தேசிய சங்கத்தின் பள்ளிகள் அதனை மேற்கொண்டன. பெல்லின் பிறப்பிடமாகிய சென்ற் அன்றூசில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகின்றது.

மணல் யாண்டிருந்து வந்தது என்பதைப் பெல் மறைத்தாரல்லர். ஆயின் சிறுவன் கற்பிக்கும் முறையைத் தாமே கண்டதாகக் கொண்டார். நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தார் இதனை எளிதில் ஏலார். அங்கே மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு ஏடு தொடங்கிக் கொடுத்தும், பாடம் ஒப்பித்தல் கேட்டும் ஆசிரியர்க்குத் துணைநின்றான். 1623இற் கன்னட நாட்டில், சிறுவர் ஆசிரியரின்றித் தம்முட்கூடி மணலில் எழுதிக் கணக்குப் பயின்றதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே குறித்துள்ளார்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் இதன் தத்துவத்தை வகுத்துவிட்டார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டவன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதாற் பின்னுமொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு உரைத்தாலன்றி நிரம்பாது என்பது அவர் கணக்கு. ஈண்டுக் கற்பித்தல், கற்பிப்பவனின் கல்வி நிறைவுக்கே உரிய வழியாகின்றது. பெல்லும் இப்பயனை அறியாதவரல்லர். எனினும் அவர் முறை பரவியபோது, ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் நடத்தும் பொறியாகவே அது பெரிதும் பயன்பட்டது. சட்டாம்பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வாயானான். இன்னும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு: வறியோர் மக்களுக்கு எழுத்தும் கணக்கும் பொதுவாகக் கற்பிக்க வேண்டுவதில்லை என்று பெல் எழுதினார். வறிய பிள்ளையின் விரலெழுத்திற் பிறந்த முறை, வறிய பிள்ளைக்கு எழுத்தை மறுத்தமை அதன் பெருங்குறையாம்.

அக்குறையை நீக்க முயன்றோருள் ஒருவர் நியூயோர்க்குப் புறூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கெனெத் புரூபீ. 1970இல் அந்நகரப் பல்கலைக்கழகம் தன் வாயிலை அகலத் திறந்தபோது, எழுத்துப் பயிற்சி குன்றிய மாணவர் பலர் புகுந்தனர். அவர்களுக்குச் சகமாணவரையே துணையாக்கினார் புரூபீ. துணைவன் பிழைதிருத்தும் அதிகாரியல்லன். எழுதியவனோடு உரையாடும் முதல் வாசகன். சிந்தனை என்பதே அகத்துட் புகுந்த உரையாடல் என 1984இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதித்தார். பெல் விட்டதைப் புரூபீ பற்றினார். அது நன்னூலார் 'உடன்பயில்வார்' பங்கென வகுத்த காற்கூறேயாம்.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய் போன்ற கரையூர்களில் மணலுக்குப் பஞ்சமில்லை, உடன்பயில்வார்க்கும் பஞ்சமில்லை. கட்டுரைக் கொப்பி நேரே ஆசிரியரின் சிவப்பு மைக்குச் செல்வதே வழக்கமாயின், மாணாக்கன் மதிப்பெண்ணுக்கு எழுதுவானேயன்றி மனிதர்க்கு எழுதான். முதலில் அதனைத் தோழன் படித்து, 'இவ்விடம் விளங்கவில்லை' என்று சொல்லட்டும். ஆசிரியர் பணி அதனாற் குறையாது. அவர் தரும் காற்பங்கு முழுமை பெறும் வழி அதுவே.