மூன்றாவது வாக்கியம்

மாடிப்படியின் அடியில் ஒருவர் இறந்து கிடக்கிறார். இடது கையில் கண்ணாடிக் குவளை, உடையாமல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் குடிக்க எடுப்பதற்காக இறங்கி வந்தவர் சறுக்கி விழுந்துவிட்டார் என்கிறாள் மனைவி. குற்றக்கதை எழுத்தாளர் லோரன்ஸ் ட்ரீற்றின் படப்புதிர் நூலில் வரும் சிறு வழக்கு இது. சிக்காக்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் ஹிலொக்ஸ் இதைத்தான் கட்டுரை கற்பிக்க எடுத்துக்கொண்டார். வாதக் கட்டுரை எழுதக் கற்பிப்பது பற்றி 2011இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த வழக்கு இருக்கிறது.

படத்தைக் கண்டதும் பிள்ளைகள் "மனுசி பொய் சொல்லுறா" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "குவளை கையிலேயே இருக்குதே" என்பார்கள். பல வகுப்புகள் அந்த இடத்தில் "சரி" என்று முடிந்துவிடும். ஹிலொக்ஸின் கைத்திறன் அதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. குவளை கையில் இருந்தால் என்ன? அதை வைத்து எப்படி அவளைப் பொய்க்காரி என்கிறீர்கள்? வகுப்பு திணறும். பிறகு யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: படியில் விழுகிறவர் எதையாவது பிடித்துத் தப்பத்தான் பார்ப்பார், கையில் இருப்பதை விட்டுவிடுவார். முடிவு ஒரு வாக்கியம், சான்று ஒரு வாக்கியம், இரண்டையும் பிணைக்கிற பொதுவிதி மூன்றாவது வாக்கியம். ஸ்ரீபன் ரூல்மின் என்ற மெய்யியலாளர் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். அந்தக் கனமான நூலின் சாரத்தை ஒரு குவளையைக் கொண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட முடிகிறது. இந்தப் பாடத்தை நான் ஒரு கலையாகவே ரசிப்பது இதனால்தான்.

குற்றம் ஏன் இவ்வளவு பொருத்தமான பொருளாகிறது? விழுகிற மனிதர் என்ன செய்வார் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வாசிக்கப் புத்தகம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் தன் அனுபவத்திலிருந்தே பொதுவிதியை எடுத்துத் தரலாம். ஒரு செய்யுளைப் பற்றி எழுதச் சொன்னால் இந்தச் சமநிலை கிடைக்காது.

நமக்கு இது அந்நியமான சரக்கும் இல்லை. ஆறுமுக நாவலர் 1852இல் வசனமாக்கித் தந்த, சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை எடுத்துப் பாருங்கள். சுந்தரரின் மணப்பந்தலுக்கு அடிமையோலையோடு வந்து, "இவன் என் அடிமை" என்கிறார் ஒரு முதியவர். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது. அனுபவ பாத்தியம், ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் நிறுவு என்று சபை கேட்கிறது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்புக்கு வருகிறது. ஒருவருடைய இரண்டு எழுத்தும் ஒத்திருக்கும் என்பதே அங்கே பொதுவிதி. சேக்கிழார் பக்திக் கதையின் நடுவில் இத்தனை நிதானமான ஆவணப் பரிசோதனையை வைத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

வடமராட்சியில், தொண்டைமானாற்று வகுப்பொன்றுக்கு நான் வழக்குத் தாள் எழுதினால் பிணத்தை வைக்க மாட்டேன். காணாமற்போனவரின் படம் சுவரில் தொங்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிற ஊர்கள் இவை; சாவு இங்கே விளையாட்டுப் பொருளாகக் கூடாது. வடமராட்சி நீரேரி கடலைச் சேரும் வாயில் உவர்நீர்த் தடுப்பணை இருக்கிறதே, அது போதும். இரவில் ஒரு கதவை யாரோ திறந்துவிட்டார் என்று கற்பனை செய்துகொள்வோம். மழை எட்டு மணிக்கு விட்டது. சேற்றில் கதவடி வரை போய்த் திரும்பும் செருப்புத் தடம், விளிம்பு கூராக. பாலத்தின் கீழே மழை படாத இடத்தில் ஒரு மீன்கூடு. அதன் வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருக்கிறது.

கூட்டைக் கண்டதும் பாதி வகுப்பு கூட்டுக்காரரைக் குற்றவாளியாக்கிவிடும். தடத்தை எடுத்தவர்கள் நிதானமாக வருவார்கள்: மழை சேற்றுத் தடத்தின் விளிம்பைக் கரைக்கும், இது கரையவில்லை, ஆகவே ஆள் வந்தது எட்டு மணிக்குப் பிறகு. அடுத்து வலை. கூட்டைத் தூக்கியிருந்தால் வலை அறுந்திருக்கும், ஆகவே அன்றிரவு யாரும் அதைத் தொடவில்லை. இங்கேதான் ஒரு பிள்ளை எழும்பி, "சிலந்தி ஒரு இரவிலேயே வலை பின்னுமே, ரீச்சர்" என்று சொல்ல வேண்டும். அந்த மறுப்புக்காகவே வலையை வைக்கிறேன். பொதுவிதி ஆட்டம் காண்கிறது. "தொடவில்லை" என்று எழுதிய பேனை "பெரும்பாலும் தொடவில்லை" என்று திருத்துகிறது. இன்னொருவர், வலையில் தூசி படிந்திருந்ததா என்று கேட்பார். எந்தச் சான்று இன்னும் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது.

மஞ்சள் நாடா கட்டி, சிவப்பு மை தெளித்து, ஆசிரியரே துப்பறிவாளர் தொப்பி போட்டுக்கொள்ளும் வகுப்புகளில் எனக்கு நாட்டமில்லை. பிள்ளைகள் மகிழ்வார்கள், உண்மைதான். ஆனால் அன்று எழுதிய பக்கத்தைப் பார்த்தால் தொப்பிதான் இருக்கும். நல்ல வழக்குக்கு ஒற்றைத் தாள் போதும். ஒரு பொய்த் தடயம், ஒரு உறுதியான தடயம், இரு பக்கமும் சாயக்கூடிய ஒன்று. மீதியெல்லாம் ஆசிரியரின் பொறுமை. விடையைக் கடைசிவரை சொல்லாமல் இருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை.

சான்று கேட்கும் ஒழுங்கு நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பெயர் வடக்கில் உயர்தர விஞ்ஞானம் படித்த எவருக்கும் தெரியும். அதன் தவணைப் பரீட்சைத் தாள்களோடு மல்லுக்கட்டாதவர் குறைவு. அந்த மாணவர்களின் இரசாயனச் செய்முறைக் கொப்பியில் சோதனை, அவதானம், அனுமானம் என்று மூன்று நிரல்கள் இருக்கும். அவதானம் இல்லாமல் அனுமானம் எழுதினால் புள்ளி இல்லை. அவர்கள் கீழ் வகுப்புகளில் எழுதிய தமிழ்க் கொப்பியிலோ பாடமாக்கிய முன்னுரையும் பாடமாக்கிய முடிவுரையும், இடையில் சான்றே இல்லாத உறுதிமொழிகளும். ஒரே பிள்ளை, ஒரே கை. ஒரு கொப்பியில் கேட்கும் ஒழுங்கை மற்றதில் யாரும் கேட்டதில்லை. தமிழ்ப்பாடப் புள்ளித்திட்டத்தில் சான்றைப் பிணைக்கும் வாக்கியத்துக்கு இரண்டு புள்ளி ஒதுக்கினாலே அந்தக் கொப்பியின் முகம் மாறிவிடும் என்று நம்புகிறேன்.

வடமராட்சித் தமிழாசிரியர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த தவணையில் ஒன்பதாம் தரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கி, உங்கள் ஊரின் கிணற்றடியையோ சந்தையையோ களமாக வைத்து ஒரு வழக்குத் தாளை நீங்களே எழுதுங்கள். பிள்ளைகள் எழுதித் தருவதில் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் முதலில் திருத்துங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.